மலிவு என்பது யாதெனில்...

உங்கள் கல்யாண ஆல்பத்தில் எத்தனை போட்டோ இருக்கும்? நூறு? நூற்றைம்பது? ஃபிலிம் ரோலில் 36 படம்தான் என்பதால், அந்தக் காலத்து போட்டோகிராபர்கள் ரேஷன் கடைக்காரர் மாதிரி அளந்து அளந்துதான் க்ளிக்கினார்கள். இப்போது உங்கள் செல்போனை எடுத்து, உள்ளே எத்தனை படம் இருக்கிறது என்று பாருங்கள். சில ஆயிரங்களாவது இருக்கும். முக்கால்வாசி குப்பை. ஹோட்டல் பில், பார்க்கிங்கில் வண்டி நின்ற இடம், யாரோ அனுப்பிய 'காலை வணக்கம்' ரோஜா. அந்தக் குப்பைக்கு நடுவில்தான் உங்கள் மகள் முதன்முதலாக எழுந்து நின்றது இருக்கிறது. தவறிப்போன பெரியப்பா கடைசியாகச் சிரித்ததும் இருக்கிறது.

இதையெல்லாம் எங்கே பத்திரமாக வைப்பது? மாதாமாதம் வாடகை கட்டி யாரோ ஒரு கம்பெனியின் 'மேகத்தில்' வைக்கலாம். வாடகை பிடிக்காதவர்கள், சொந்த வீடு மாதிரி சொந்தப் பெட்டி வாங்குகிறார்கள். என்.ஏ.எஸ். என்று பெயர். வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் சேமிப்புப் பெட்டி. வீட்டில் உள்ள எல்லா போன், லேப்டாப், டி.வி.யும் அதிலிருந்து எடுக்கலாம், அதில் போடலாம்.

ரொம்ப நாளாக இந்தப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கிர்ரென்று சத்தம். ராத்திரி ஹாலில் படுப்பவர்கள் சாபம் விடுவார்கள். இப்போது வந்திருப்பவை முழுக்க முழுக்க ஃப்ளாஷ் மெமரி பெட்டிகள். சுற்றுகிற பாகம் கிடையாது. பபிள்கம் பாக்கெட் மாதிரி நீளமாக, தட்டையாக இருக்கிற எம்.2 எஸ்.எஸ்.டி.க்களை நாலோ ஆறோ செருகிவிட்டால் முடிந்தது. 2025-ல் பீலிங்க் என்கிற சீனக் கம்பெனி கொண்டுவந்த 'மீ மினி' என்ற பெட்டி, பக்கத்துக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். ஆறு எஸ்.எஸ்.டி. உள்ளே போகும். பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் சைஸ். சத்தமே இல்லை. பெரிய கம்பெனிகளின் பெட்டிகளோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு.

விலை குறைவு என்றதும் என் காமர்ஸ் மூளை விழித்துக்கொள்ளும். விலை தானாகக் குறையாது சார். யாரோ எதையோ எடுத்திருக்கிறார்கள். எதை எடுத்தார்கள், யாருடையதை எடுத்தார்கள்? இந்த வாரம் இதைத்தான் கொஞ்சம் தோண்டப் போகிறோம்.

முதலில், கண்ணுக்குத் தெரிகிற கழிவு. இந்தப் பெட்டிகளின் மூளை, பெரும்பாலும் இன்டெலின் என்100, என்150 மாதிரியான சின்னச் சிப். 2023 ஜனவரியில் வந்த என்100, ஆறு வாட்ஸ் ரகம். நைட் லாம்ப் அளவுக்கு மின்சாரம். பாராட்ட வேண்டிய சமாசாரம். ஆனால், அந்தச் சிப்பிலிருந்து வெளியே போக மொத்தம் ஒன்பது பாதைகள்தான். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் லேன் என்பார்கள். ஒரு நல்ல எஸ்.எஸ்.டி. தனக்கு மட்டுமே நாலு பாதை கேட்கும் ஆசாமி. ஆறு பேருக்கு நாலு நாலு என்றால் 24. இருப்பதோ ஒன்பது. என்ன செய்வார்கள்? கூட்டுக்குடும்பத்தில் மீன் குழம்பு பரிமாறுகிற கதைதான். 'மீ மினி'யில், நெட்வொர்க் வாசல் இரண்டுக்கும் தலா ஒன்று. மீதி ஏழில் ஒரு எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு, பாக்கி ஐந்துக்கும் தலா ஒன்று. கணக்கு நேர்.

ஐயோ, நாலில் ஒன்றுதானா, ஏமாற்றுவேலை என்று கொதிக்காதீர்கள். அந்த ஒற்றைப் பாதையிலேயே விநாடிக்குச் சுமார் 1,000 எம்.பி. போகும். பெட்டியிலிருந்து வெளியே வருகிற நெட்வொர்க் வாசலின் வேகம் 2.5 கிகாபிட். எட்டால் வகுங்கள்: விநாடிக்கு 312 எம்.பி. அவ்வளவுதான். உள்ளே ஆறு டேங்க் நிறையத் தண்ணீர், வாசலில் ஒரே ஒரு குழாய். டேங்குக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் பைப்பை இன்னும் பெரிதாகப் போட்டு என்ன பிரயோஜனம்? விநாடிக்கு 7,000 எம்.பி. என்று மார்தட்டும் எஸ்.எஸ்.டி.யை வாங்கி இதில் செருகுவது, ரங்கநாதன் தெருவுக்குள் ஃபெராரியில் போவது மாதிரி.

ஆக, இந்த வெட்டு நேர்மையான வெட்டு. இந்தத் தேவைக்கு இது போதும் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 1978-ல் பொருளாதார நோபல் வாங்கியவர், மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்றார். புடவைக் கடையில் மூன்றாவது மாடி வரை ஏறிய கணவர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனாலும் நிஜம்தான். போதும் என்று நிறுத்துவதில் ஒரு குற்றமும் இல்லை. யாருக்குப் போதும், எதில் போதும் என்பதில்தான் வில்லங்கம்.

ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள், பிற்பாடு கூட்ட முடியாது. சரி, போகட்டும். மூடிய டப்பாவுக்குள் ஆறு எஸ்.எஸ்.டி. கொதித்தால், மே மாதத்து மொட்டைமாடி அறையில் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போகட்டும். இதெல்லாம் நமக்குத் தெரிகிற, நம்மைச் சுடுகிற குறைகள். மெதுவாக இருந்தால் திட்டுவோம், சுட்டால் ஃபேனைத் திருப்புவோம்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு வாருங்கள்.

2003 மே மாதம். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் தேர்தல். எலெக்ட்ரானிக் ஓட்டு. ஒரு வேட்பாளருக்கு விழவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருக்கிறது. மறுபடி எண்ணினார்கள். கூடுதலாக இருந்தது சரியாக 4,096 ஓட்டு. கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் மூக்கு வியர்க்கும். இரண்டை இரண்டால் பன்னிரண்டு தடவை வரும்படி பெருக்கினால் 4,096. அதாவது, கம்ப்யூட்டர் ஞாபகத்தில் ஒரே ஒரு பிட், பூஜ்யமாக இருந்தது, ஒன்றாகப் புரண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த கதிர் தட்டிவிட்டிருக்கலாம் என்பது ஊகம். நிரூபிக்க வழியில்லை. தட்டிவிட்டுப் போனவர் கையெழுத்துப் போட்டுவிட்டா போவார்?

இதற்கு மருந்து ரொம்ப காலமாகவே உண்டு. இ.சி.சி. மெமரி. ஒரு பிட் புரண்டால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். ஆபீஸ் சர்வர்களில் அது சகஜம். மலிவு விலை வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் கிடையாது. இல்லாவிட்டால் என்ன? பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான வருஷங்களில்கூட. ஆனால், போட்டோவை பெட்டிக்குள் எழுதும்முன் ஞாபகத்திலேயே ஒரு பிட் புரண்டுவிட்டால், அதன்பின் நீங்கள் எத்தனை பாதுகாப்பு வைத்திருந்தாலும், பெட்டி அந்தத் தப்பைத்தான் கண்ணும் கருத்துமாகக் காக்கும். பத்து வருஷம் கழித்துத் திறந்தால் படத்தின் கீழ்ப்பாதி கோடு கோடாக இருக்கும்.

அடுத்தது, கரண்ட். விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.க்களில் குட்டிக் குட்டியாக கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். திடீரென்று மின்சாரம் போனால், கையில் இருக்கும் வேலையை எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் தெம்பு இருக்கும். நாம் வாங்கும் சாதாரண எம்.2-வில் அவை வழக்கமாக இருப்பதில்லை. கெபாசிட்டர் வைக்க இடமும் ஆகும், காசும் ஆகும்.

மூன்றாவது, அந்த ஃப்ளாஷ் சிப்பேதான். இதைக் கண்டுபிடித்தவர் ஃபுஜியோ மசுவோகா. எண்பதுகளில் ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்தார். தகவலை ஒரே வீச்சில் அழிக்க முடிவதைப் பார்த்த சக ஊழியர் ஒருவருக்கு கேமரா ஃப்ளாஷ் ஞாபகம் வர, அந்தப் பெயரே நிலைத்தது. (பிற்பாடு மசுவோகா தனக்குரிய பங்கைக் கேட்டு 2004-ல் கம்பெனி மேல் கேஸ் போட்டார். கேட்டது 100 கோடி யென், 2006-ல் சமரசமாகக் கிடைத்தது 8.7 கோடி யென். உலகமே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரியும் பொருளைக் கண்டுபிடித்தவருக்கு! அது வேறு கட்டுரை.)

ஃப்ளாஷ் என்பது எலெக்ட்ரான்களைப் பிடித்து அடைத்துவைக்கும் கோடிக்கணக்கான குட்டி வாளிகள். முதலில் வாளிக்கு இரண்டே நிலை: காலி, நிறைவு. ஒரு வாளிக்கு ஒரு பிட். பிறகு, அதே வாளியில் கோடு போட்டு நாலு நிலை, எட்டு நிலை என்று பிரித்தார்கள். இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் கியூ.எல்.சி. ரகத்தில் 16 நிலை. வாளி அதேதான், கோடு அதிகம், அதனால் விலை குறைவு. ஆனால், இரண்டு கோடு போட்ட வாளியில் ஒரு டம்ளர் கசிந்தால் ஒன்றும் தெரியாது. பதினாறு கோடு போட்ட வாளியில் ஒரு டம்ளர் கசிந்தால் பதினொன்று பத்தாகிவிடும். எழுதி அழிக்கக்கூடிய தடவைகளும் அப்படியே சரிந்தன. ஆரம்பகால ஒரு பிட் ரகத்தில் சுமார் ஒரு லட்சம் தடவை. நாலு பிட் ரகத்தில் ஆயிரத்துக்கும் கீழே வருவது உண்டு.

வாளி கசியும் என்பது யாரும் மறைத்த ரகசியம் இல்லை. ஜெடெக் என்ற தர அமைப்பின் விதிப்படி, ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி. தன் ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த பிறகும், கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷமாவது தகவலைக் காக்க வேண்டும். புதுசாக இருக்கும்போது இதைவிட ரொம்ப நாள் தாங்கும், பயப்படாதீர்கள். ஆனாலும், 'ஒரு வருஷம்' என்பதைப் படித்ததும் எனக்கு என்னவோ செய்தது. பீரோவில் கிடக்கும் ஆல்பம் அப்படி எந்த விதியும் கேட்பதில்லையே!

2014-ல் சாம்சங்கின் 840 ஈவோ என்ற எஸ்.எஸ்.டி.யில் ஒரு விநோதம் நடந்தது. புதிதாக எழுதியது வேகமாக வரும். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்ததைக் கேட்டால் திணறித் திணறி வரும். கடைசியில் கண்ட தீர்வு என்ன தெரியுமா? பழசையெல்லாம் அவ்வப்போது அது தானாகவே எடுத்துத் திரும்ப எழுதிக்கொள்ளும்படி செய்தார்கள். நம் ஊர் ஏட்டுச்சுவடிக்கும் இதே வைத்தியம்தான். ஓலை செல்லரித்துப்போகும் முன்னால் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் படி எடுக்க வேண்டும். எடுத்ததால் சில தப்பின, எடுக்காமல் போனவை போயே போயின.

'அதான் ஆறு எஸ்.எஸ்.டி. இருக்கே, ஒன்று போனால் இன்னொன்று' என்பீர்கள். ரெய்டு என்று அதற்கு ஏற்பாடே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், 2019 நவம்பரில் ஹெச்.பி. எண்டர்பிரைஸ் ஓர் அறிவிப்பு விட்டது. அவர்கள் விற்ற சில எஸ்.எஸ்.டி. மாடல்கள், உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால், ஓடத் தொடங்கிய 32,768-வது மணி நேரத்தில் செத்துப்போகும். மூன்று வருஷம், 270 நாள், எட்டு மணி நேரம். தகவலும் திரும்பி வராது. ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் ஸ்விட்ச் போட்டிருந்தால்? ஆறு பேரும் ஒரே முகூர்த்தத்தில் காலி. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே லாட் எஸ்.எஸ்.டி. ஆறு வாங்குவது, ஒரே சாட்சியை ஆறு தடவை கூண்டில் ஏற்றுவது மாதிரி.

என் நண்பர் ஒருவர் இப்படி ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார். அவர் அப்பா காலமாகி ஆறேழு வருஷம் ஆகிறது. பழைய கேசட்டில் இருந்த அப்பாவின் குரலை, சுமார் நாற்பது நிமிஷம், கம்ப்யூட்டருக்கு மாற்றி இதில் போட்டார். டி.வி.யில் ரிமோட்டை அழுத்தினால் அப்பா பேசுகிறார். வீடே கொஞ்ச நேரம் அசையவில்லை என்றார். பிறகு அவர் அம்மா கேட்டாராம்: "அவர் குரல் இந்த டப்பாக்குள்ளயாடா இருக்கு? கரண்ட் போனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நானும்தான். அம்மாவிடம் போய் கெபாசிட்டர், கியூ.எல்.சி. என்றா ஜல்லியடிக்க முடியும்? ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தைச் சொன்ன நொடியில் அவர் பெட்டியின் சொந்தக்காரர் என்ற நிலையிலிருந்து ஒரு படி ஏறி, டிரஸ்டி ஆகிவிட்டார். காசு அவருடையது, பெட்டி அவருடையது. உள்ளே இருப்பது அவருடையது மட்டுமில்லை. பெட்டி மெதுவாக ஓடினால் நஷ்டம் அவருக்கு. குரல் போனால் நஷ்டம் அம்மாவுக்கு. தன் வேகத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அம்மாவின் நாற்பது நிமிஷத்தில் ஒரு சதவிகித ஆபத்தைச் சேர்த்துக் காசு மிச்சம் பிடிக்க அவருக்கு உரிமை உண்டா? கேட்காமல்?

சமரசங்களில் நல்லது கெட்டது என்று நான் பிரிக்க விரும்புவது இங்கேதான். எது எவ்வளவு குறைந்தது என்பதைவிட, குறைத்தவரும் அதைத் தாங்கப்போகிறவரும் ஒரே ஆளா, இரண்டு ஆளா என்று பாருங்கள். ஒரே ஆள் என்றால் அது சிக்கனம். இரண்டு ஆள் என்றால், நடுவில் ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனிகளுக்கும் இதுவேதான். பி.காமில் எங்களுக்கு 'டிஸ்க்ளோஷர்' என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். பேலன்ஸ் ஷீட்டில் லாபம் எழுதினால் மட்டும் போதாது. வரக்கூடிய வில்லங்கம், கோர்ட்டில் நிற்கும் வழக்கு, எல்லாவற்றையும் கீழே பொடி எழுத்திலாவது போட்டாக வேண்டும். பொடி எழுத்தாவது இருக்கிறதே! இந்தப் பெட்டிகளின் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். 'ஆறு ஸ்லாட்', 'சத்தமில்லை', 'அதிவேகம்' எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். இ.சி.சி. கிடையாது என்று போட்ட அட்டையை நான் பார்த்ததில்லை. இல்லாததை யார் விளம்பரம் செய்வார்கள் என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால், வெளியே சொல்லத் தேவையில்லை என்று ஆனதும், எதை வெட்டினால் யாருக்கும் தெரியாதோ அதைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். சத்தத்தைக் கூட்டினால் வாடிக்கையாளர் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். கெபாசிட்டரை எடுத்தால் அவர் உணர ஐந்து வருஷம் ஆகலாம், உணராமலே போகலாம்.

2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் மாட்டிக்கொண்டது இப்படித்தான். வீட்டு என்.ஏ.எஸ்.ஸுக்கென்றே விற்ற 'ரெட்' ஹார்ட் டிஸ்க்குகளில் சிலவற்றில், எஸ்.எம்.ஆர். என்ற நெருக்கிப் பதியும் முறையை, சொல்லாமல் நுழைத்திருந்தார்கள். தடங்கள் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். திருத்தி எழுத நேரம் பிடிக்கும். ஒரு டிஸ்க் பழுதாகி, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப நிரப்பும் அந்தப் பதற்றமான நேரத்தில்தான் காலை வாரும். ஆட்கள் கண்டுபிடித்துக் கூச்சல் போட்ட பிறகுதான் எந்தெந்த மாடல் என்று பட்டியல் வந்தது. வழக்கு 27 லட்சம் டாலரில் முடிந்தது. கவனியுங்கள், எஸ்.எம்.ஆர். என்பது மோசடித் தொழில்நுட்பம் கிடையாது. எழுதிவிட்டு அப்படியே வைத்திருப்பதற்கு அது பிரமாதம். சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

'ஓவராகப் பேசாதே ஐயா' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். இந்தப் பெட்டி இல்லாவிட்டால் அப்பாவின் குரல் எங்கே இருந்திருக்கும்? பரணில், பூஞ்சை பிடித்த கேசட்டில். அல்லது பஸ்ஸில் தொலையப்போகும் போனில். குறையுள்ள காவல்காரன், காவலே இல்லாததைவிட மேல். இ.சி.சி., கெபாசிட்டர், பெரிய கம்பெனி என்று எல்லாம் இருந்தால்தான் வாங்குவேன் என்று காத்திருந்தால் பலபேர் ஒன்றுமே வாங்க மாட்டார்கள். ஆகவே, மலிவுப் பெட்டிக்கு நான் எதிரி இல்லை. சொல்லப்போனால் கட்சி. மலிவுப் பெட்டியைப் பார்த்து 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வதற்குத்தான் எதிர்க்கட்சி.

அதிலும் பாருங்கள், பணம் ஒரு பெரிய தடையாகவே இல்லை. ஒற்றைப் பாதையில் ஓடப்போகிற பெட்டிக்கு, விலை உயர்ந்த அதிவேக எஸ்.எஸ்.டி.தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம். அதில் சாதா ரகம் போட்டு மிச்சம் பிடித்தால், கைக்கடக்கமான யு.பி.எஸ். ஒன்று வந்துவிடும். அதே கொள்ளளவுக்கு ஹார்ட் டிஸ்க் விலை எஸ்.எஸ்.டி.யில் ஒரு பகுதிதான் என்பதால், இரண்டாவது பிரதிக்கும் காசு கட்டும். நாம் உணரப்போவதே இல்லாத வேகத்துக்குச் செலவழிக்கிறோம். உணரவே முடியாத ஆபத்துக்குச் செலவழிக்க யோசிக்கிறோம். காமர்ஸில் இதற்கு நல்ல பெயர் ஏதும் கிடையாது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். 'கரண்ட் போனா அநேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா நிச்சயமா ஆகாதுன்னு சொல்ல முடியாதும்மா.' அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லையாம்.

"அப்ப ரெண்டா எடுத்து வை. இருக்கற நகையெல்லாம் ஒரே பீரோவுலயா வெப்பாங்க? ஒண்ணை சுமதி வீட்ல குடு."

சுமதி, நண்பரின் தங்கை. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறார். அவர் வீட்டு அலமாரியில் இப்போது ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. பழைய ஆசாமி, ஓடினால் கிர்ரென்று சத்தம் போடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நண்பர் போய் அதைச் சொருகி, புதுசாக வந்ததைச் சேர்த்துவிட்டு, பழசிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கிறார். போன தடவை திறந்தது குரல் ஃபைலை. சமையலறையில் இருந்த சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனாராம்.